கண் திறந்து தரவும்

வேங்கிக்கால்,
12 ஜூலை 2006

பாலாஜி,

பஸ் பார்சலில் உங்கள் கலர் லேப்புக்கான சி.டி. இருக்கிறது. ஆர்டர் சீட்டைத் தனியாக வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் உனக்கு. அக்கா எழுதுகிறாளா என்று வாயைப் பிளக்காதே. போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குக் கீழ்பென்னாத்தூர் ஞாபகம் வந்துவிடும். நீ நிச்சயத்துக்கு நாலு நாள் முன்னால் சென்னைக்கு ஓடிப்போய் வேறொரு பெண்ணுக்குத் தாலி கட்டினாய். இங்கே நான் ஒருத்தியே கீழ்பென்னாத்தூர்ப் பெண் வீட்டுக்கு நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, எல்லாரும் பார்க்க, வாசலில் என் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அது ஞாபகம் வந்தால் என் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. எழுத்தில் கொஞ்சம் நிதானம் இருக்கிறது. அதனால் போன் செய்யாதே, எழுது.

விஷயம் இதுதான். டிஜிட்டல் காமிரா வாங்கிவிட்டேன். ஆமாம், நீ இங்கே ஸ்டுடியோவில் இருந்தவரை வாங்கு வாங்கு என்று என் உயிரை எடுத்த அதே டிஜிட்டல். நன்றாகச் சிரித்துக்கொள், பிறகு படி. ஆடி பிறக்கப்போகிறது, கல்யாணம் கிடையாது, கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வருகிறவர்களின் பாஸ்போர்ட் படம் மட்டும்தான் ஓடும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல மாதம் வராது. கற்றுக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

மானிட்டரில் லட்சணமாக இருக்கிற முகம் உங்கள் லேப்பிலிருந்து வரும்போது தக்காளி மாதிரி சிவந்து வருகிறது. போன பௌர்ணமிக்கு அடி அண்ணாமலை பக்கம் கூட்டத்தில் நின்று லென்ஸ் மாற்றினேன். அன்றிலிருந்து எந்தப் படத்தை எடுத்தாலும் வானத்தில் அதே இடத்தில் அதே கறுப்புப் புள்ளிகள். கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது கரன்ட் போய், ஒரு ஆந்திரா குடும்பத்தின் கிரிவலப் படங்கள் பாதி காணாமல் போயின. அந்த அம்மாள் தெலுங்கில் என்னைத் திட்டியது எனக்குப் புரியவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல். நான் இன்னும் என்னென்ன வாங்கவேண்டும், எதைப் படிக்கவேண்டும் என்று எழுது. வேறு எதுவும் எழுதவேண்டாம்.

மதிவதனி


சென்னை,
15 ஜூலை 2006

அக்கா,

சிரிக்கவில்லை. உன் கையெழுத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் கடிதத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். வேறு எதுவும் எழுதவேண்டாம் என்று சொல்லிவிட்டாய், அதனால் காமிராவைப் பற்றியே எழுதுகிறேன்.

புள்ளிகள் தூசிதான், லென்ஸில் இல்லை, உள்ளே இருக்கிறது. வாயால் ஊதாதே, எச்சில் பட்டால் அதோடு முடிந்தது. ரப்பர் பல்பு ஒன்று அனுப்பியிருக்கிறேன், லென்ஸைக் கழற்றி, காமிராவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அதால் காற்று அடி. முகம் சிவப்பதற்கு லேப் காரணமில்லை, உன் மானிட்டர் பொய் சொல்கிறது. பார்சலில் இருக்கும் சாம்பல் நிற அட்டையை, படத்துக்கு உட்காருகிறவரின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்து முதல் படம் எடுத்துக்கொள். பிறகு அந்த அட்டை சாம்பலாகத் தெரிகிற வரை கம்ப்யூட்டரில் நிறத்தைச் சரிசெய். வெளிச்சத்தைத் திருப்பிவிட விலை கொடுத்து எதையும் வாங்காதே, தெர்மோகோல் பலகை போதும். யூ.பி.எஸ். மட்டும் கட்டாயம் வாங்கு.

கார்டு விஷயத்தில் ஒன்றை மட்டும் தலையில் எழுதிக்கொள். உன் கார்டோ வாடிக்கைக்காரர் கார்டோ, கைக்கு வந்ததும் உள்ளே இருப்பது அத்தனையையும் ஒரு ஃபோல்டரில் காப்பி எடு. நமக்கு வேண்டியது ஒரே படம் என்றாலும் அத்தனையும். பிறகுதான் திறந்து பார்ப்பது. ஒவ்வொரு படமும் தன் வரிசை எண்ணையும் எடுத்த தேதியையும் முதுகில் சுமந்துகொண்டு வரும். குழப்பம் வந்தால் அதுதான் காப்பாற்றும்.

பாட சி.டி. ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு வெள்ளைக்காரர் நிதானமாகப் பேசுவார். மூடிய கண்ணைத் திறப்பது பற்றி அதில் தனிப் பாடம் இருக்கிறது, நம் தொழிலுக்கு அது ரொம்ப உதவும். லேயர் என்று அவர் சொல்வதைக் கண்ணாடித் தாள் மேல் கண்ணாடித் தாள் என்று நினைத்துக்கொள். பழைய போட்டோ பத்திரிகைகள் சிலவும் உள்ளே இருக்கின்றன. அவற்றைக் கட்டி வைத்தது கீர்த்தனா. இதை எழுதக் கூடாதென்றால் அடித்துவிடு.

பாலாஜி


வேங்கிக்கால்,
22 ஜூலை 2006

பாலாஜி,

ரப்பர் பல்பு நன்றாக வேலை செய்கிறது. சாம்பல் அட்டையைப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஜெராக்ஸ் கடை ஆதிலட்சுமி, "இன்னாக்கா, மூஞ்சிக்குப் பக்கத்துல சிலேட்ட புடிச்சிக்னு, போலீஸ் ஸ்டேஷன்ல எடுக்கற மாதிரி கீதே" என்று சிரித்தாள். சிரிக்கட்டும், முகச் சிவப்பு போய்விட்டது. பத்திரிகைகளைக் கட்டின முடிச்சு நன்றாக இருந்தது. அவ்வளவுதான் சொல்வேன்.

உன் வெள்ளைக்காரர் பேசினால் எனக்குத் தூக்கம் வருகிறது. ஆனால் கண் பாடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், அதற்கு வேலை வந்துவிட்டது. கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஆள், பெயர் சகாதேவன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, மெல்லப் பேசுகிற மனிதர். பெங்களூரில் வேலை செய்கிற மகனின் சின்ன டிஜிட்டல் காமிராவைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"அக்கா செத்துட்டாங்க மேடம். ஊட்ல அவங்க படம்னு ஒண்ணுகூட இல்ல. கண்ணத் தெறந்து குடுத்தீங்கன்னா பெருசாப் போட்டு மாட்டிக்குவோம்."

ஓட்டு அட்டையில் இருக்குமே என்றேன். "அது கரிச்சட்டி மாதிரி கீது மேடம்" என்றார். அது நிஜம்தான், என் ஓட்டு அட்டையில் நானே ஆண்பிள்ளை மாதிரிதான் இருக்கிறேன். நீ சொன்னபடி கார்டில் இருந்த அத்தனையையும் காப்பி எடுத்துக்கொண்டேன். பாயில் மல்லாந்து படுத்திருக்கிறாள், ஊதாப் புடவை, கண் மூடியிருக்கிறது.

நம் ஸ்டுடியோவுக்கு இது புதிதில்லை, உனக்கே தெரியும். பிரிண்டில் இமை மேல் பிரஷ்ஷால் கண் வரைந்து கொடுப்பேன். இந்தச் சுற்று வட்டாரத்தில் பாதி வீட்டுச் சுவரில் செத்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி முழித்துக்கொண்டிருப்பதற்கு நான்தான் காரணம். இந்தத் தடவை அப்படிச் செய்ய மனசு வரவில்லை. அதே ஆளின் வேறொரு படத்திலிருந்து கண்ணை எடுக்கவேண்டும் என்கிறார் உன் வெள்ளைக்காரர். வேறு படத்துக்கு நான் எங்கே போவேன்? ஜன்னலோரம் உட்கார்ந்து என் முகத்தை நானே எடுத்துக்கொண்டேன். என் கண்ணை வெட்டி அவள் முகத்தில் வைத்து, சுருக்கம் கொஞ்சம் கூட்டி, ஓரங்களைக் கரைத்துவிட்டேன். முடித்துவிட்டுப் பார்த்தால் முன்பின் தெரியாத ஒரு முகத்திலிருந்து என் கண் என்னையே பார்க்கிறது. மானிட்டரை அணைத்துவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

பெரிய சைஸ் பிரிண்ட் வேண்டும். அடியில் பாஞ்சாலை என்று பெயர் போட்டிருக்கிறேன். செத்த தேதி கேட்டதற்கு, "எடம் மட்டும் உடுங்க, அப்பால எழுதிக்கலாம்" என்றார். திதியில் ஏதோ குழப்பம் போலிருக்கிறது. ஃபோல்டரை முழுசாகவே சி.டி.யில் போட்டிருக்கிறேன். என் வேலையைப் பார்த்துவிட்டு உண்மையைச் சொல், முகஸ்துதி வேண்டாம்.

மதிவதனி


சென்னை,
25 ஜூலை 2006

அக்கா,

வேலை பிரமாதம். இங்கே கம்ப்யூட்டரிலேயே குடியிருக்கிறவர்கள்கூட இமை ஓரத்தை இவ்வளவு சுத்தமாகக் கரைக்கமாட்டார்கள். ஒரே குறை, முகத்தில் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வருகிறது, கண்ணில் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. கண்மணிக்குள் நம் ஸ்டுடியோ ஜன்னல் தெரிகிறது.

இனி எழுதப்போவதைக் கோபப்படாமல் படி. ஆல்பம் டிசைன் செய்வது கீர்த்தனா, உன் ஃபோல்டர் அவளிடம்தான் போனது. முதலில் பார்த்தது அவள்தான். பாயில் படுத்திருக்கும் படம் ஒன்றல்ல, வரிசையாக மூன்று இருக்கிறது. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக லேயராக வைத்துப் பார்த்தாள். பாய் அசையவில்லை, சுவர் அசையவில்லை. நெஞ்சுமேல் கிடக்கிற முந்தானை ஓரம் மட்டும் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஏறி இறங்கியிருக்கிறது.

நான் நம்பவில்லை, ஜூம் செய்து பார்த்தேன். மேலுதட்டில் வேர்வை பூத்திருக்கிறது. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டவில்லை. தாடைக்குத் துணி இல்லை, நெற்றியில் காசு இல்லை. கிராமத்தில் இதையெல்லாம் செய்யாமல் யார் படம் எடுக்க விடுவார்கள்? இன்னொன்றும் இருக்கிறது. அதே கார்டில், அந்தப் படங்களுக்கு அடுத்த எண்களில், ஒரு குழந்தை மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுகிற படம் இருக்கிறது. பின்னால் கிணற்றடியில் ஒரு பெண் குனிந்து நிற்கிறாள். முகம் தெரியவில்லை. அதே ஊதாப் புடவை. காமிராவில் தேதியைத் தப்பாக வைத்திருக்கலாம், எண் வரிசை தப்பாகாது. அது பிறகு எடுத்த படம்.

பிரிண்ட் போடவில்லை. அந்த அம்மாள் எப்போது செத்தாள் என்று அவரிடமே கேட்டாயா?

பாலாஜி


வேங்கிக்கால்,
28 ஜூலை 2006

பாலாஜி,

கேட்ட வேலையைச் செய்யாமல் துப்பறிய உட்கார்ந்துவிட்டீர்களா புருஷனும் பெண்டாட்டியும்? உன் பெண்டாட்டிக்குப் பிணத்தைப் பற்றி என்ன தெரியும்? நான் எடுத்த பிணங்களை வரிசையாகப் படுக்க வைத்தால் கிரிவலப் பாதையே போதாது. ஃபேன் காற்றில் முந்தானை அசைந்திருக்கும். ஊதாப் புடவை ஒருத்திதான் கட்டுவாளா? அந்த மனிதர் நேற்றும் வந்து பொறுமையாகக் கேட்டுவிட்டுப் போனார். முன்பு நிச்சயத் தட்டோடு என்னை நிற்கவைத்தாய், இப்போது ஆர்டரை வைத்துக்கொண்டு

31 ஜூலை

மேலே எழுதியதைக் கிழிக்கவில்லை, அப்படியே அனுப்புகிறேன். பாதியில் கடைக்கு ஆள் வந்ததால் நின்றுபோனது. இப்போது அதை முடிக்கத் தேவையில்லை.

நேற்று ஆடி ஞாயிறு. கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். விழாக் கமிட்டி வேடியப்பன் கூப்பிட்டு அனுப்பியிருந்தார், போனேன். கூழ் வாங்கிக் குடித்துவிட்டுப் பெண்கள் எல்லாரும் டிஜிட்டல் படம் என்று வரிசையாக நின்றார்கள். எடுத்த உடனே பின்பக்கம் தெரிகிறதே, அதில் ஒரு சந்தோஷம் அவர்களுக்கு. கடைசியாக ஒரு அம்மாள் குண்டானைக் கீழே வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என்னையும் ஒண்ணு புடி கண்ணு. என்னை யாருமே புடிச்சதில்ல."

காமிராவைக் கண்ணில் வைத்தேன். அந்த மூக்கு, தாடையில் அந்த மரு. இரண்டு நாள் அதே முகத்தை மானிட்டரில் பெரிசாக்கி வேலை செய்தவள் நான், எப்படித் தெரியாமல் போகும்? கண் மட்டும்தான் வேறு. சின்னக் கண், சிரித்தால் காணாமலே போய்விடுகிறது. நான் அவளுக்குக் கொடுத்தது பெரிய கண். அவளே, "இன்னா கண்ணு, கெட்டுப்போச்சா?" என்று கேட்டபிறகுதான் அழுத்தினேன்.

காமிராவை இறக்கினால் அவளுக்குப் பின்னால் சகாதேவன் நிற்கிறார். அதே வெள்ளைச் சட்டை. நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவளை வைத்துக்கொண்டே, "நம்ம வேல ஆயிடுச்சுங்களா மேடம்?" என்று கேட்டார். "இன்னா வேலடா?" என்றாள் அவள். "பாப்பா படம்க்கா" என்றார்.

எனக்குப் பயமாக இருக்கிறது பாலாஜி.

மதிவதனி


சென்னை,
2 ஆகஸ்ட் 2006

அக்கா,

கடிதம் கிடைத்ததும் உன் சட்டத்தை மீறி போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு நீ கட் செய்தாய். இன்னும் கோபமா, அல்லது வேறு ஏதாவதா? எதுவானாலும் ஒரு வரி எழுதிப் பார்சலில் போடு.

அந்த ஃபோல்டரில் எதையும் திறந்து மறுபடி சேவ் செய்யாதே, தேதி மாறிவிடும். நான் மூலப்படங்களை இரண்டு சி.டி.யில் எழுதி வைத்திருக்கிறேன், ஒன்று வீட்டில் கீர்த்தனாவின் அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது. கூழ் ஊற்றின அன்று எடுத்த கார்டைக் காமிராவில் மறுபடி போடாதே. அந்த ஆள் கேட்டால் லேப்பில் மெஷின் ரிப்பேர் என்று சொல். எக்காரணம் கொண்டும் அந்தப் படம் அவர் கைக்குப் போகக் கூடாது.

எதற்காக உயிரோடு இருக்கிறவளுக்குப் படம் கேட்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. நினைத்துப் பார்க்கவும் பிடிக்கவில்லை. தேதிக்கு இடம் விடச் சொன்னதாக எழுதியிருந்தாயே, நேற்று அதை மறுபடி படித்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். அந்த அம்மாளிடம் சொல்லிவிடு அக்கா. கலெக்டர் ஆபீஸ் உன் கடைக்கு எதிரே இருக்கிறது, திங்கட்கிழமை மனு வாங்குவார்கள். அவளையே கூட்டிப்போய் நிறுத்து. எந்தத் திங்கள் என்று எழுது, படங்களோடு நான் வருகிறேன்.

பாலாஜி


வேங்கிக்கால்,
6 ஆகஸ்ட் 2006

பாலாஜி,

கோபத்தில் கட் செய்யவில்லை. நீ கூப்பிட்டபோது அவர் என் எதிரே உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் தினமும் வருகிறார். அவசரப்படுத்துவதில்லை, அதட்டுவதில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, "ஆவட்டும் மேடம், மெதுவாக் குடுங்க" என்கிறார். மதியம் நான் சாப்பிடப் போனால் கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். ஒருநாள், "தனியாவா இருக்கீங்க? தம்பி ஒருத்தரு மெட்ராசுல கீறாராமே" என்றார். நான் சொல்லவில்லை, யார் சொன்னார்கள் என்றும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை, கூழ்ப் படங்களைக் கொடுக்கப்போகிற சாக்கில் அந்த ஊருக்குப் போனேன். பாஞ்சாலை வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஆள் இல்லை. வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் களைக்கொத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

செங்கம் பக்கம் அவர்கள் அம்மா வழி நிலம் இருக்கிறது, அக்கா தம்பி இரண்டு பேருக்கும் பொது. மனை போடுகிற ஆட்கள் கேட்கிறார்கள். இவள் கையெழுத்துப் போடமாட்டேன் என்றுவிட்டாள். புருஷன் போய், பிள்ளையும் இல்லாமல், தம்பி வீட்டில் வேலை செய்து சாப்பிடுகிறவளுக்கு அது ஒன்றுதான் பிடிமானம். செங்கம் பக்கத்தில் இவளை யாருக்கும் முகம் தெரியாது. வாங்குகிறவர்கள் வீட்டுக்கு வந்து பார்க்கும்போது சுவரில் மாலை போட்ட படம் ஒன்று இருந்துவிட்டால், அதற்குமேல் யார் என்ன கேட்கப்போகிறார்கள்? அன்றைக்கு இவளை எங்காவது அனுப்பிவிட்டால் போதும். அவ்வளவுதான் அவர் திட்டம் என்று நானும் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

கடைசியில் அவள், "எப்ப புடிச்சானாம்?" என்று கேட்டாள். படத்திலிருந்த தேதியை வைத்துச் சொன்னேன், ஆடிக்கு முன்னால் ஒருநாள் என்று. களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஒடம்பு வலிக்கிதுன்னு சொன்னேன். மாத்திர வாங்கியாந்து அவனே தண்ணியும் மொண்டு குடுத்தான். அப்பால மறுநாள் சாயங்காலந்தான் கண்ணு எழுந்தேன். தம்பிக்கி எம்மேல பாசம் ஜாஸ்தியாயிடுச்சேன்னு நெனச்சேன்" என்றாள்.

கலெக்டர் ஆபீசுக்கு வந்து மனு கொடுங்கள் என்றேன்.

பதினான்காம் தேதி திங்கட்கிழமை வருகிறேன் என்றிருக்கிறாள். நீ ஞாயிறு மாலைக்குள் வந்துவிடு. மூன்று படங்கள், கிணற்றடிப் படம், நான் செய்த பெரிய படம், எல்லாம் பிரிண்ட் போட்டுக் கொண்டுவா. கீர்த்தனா பார்த்தது சரி என்று அவளிடம் சொல். அவளையும் கூட்டிக்கொண்டு வந்தால் நான் ஒன்றும் கதவைச் சாத்தமாட்டேன்.

அக்கா


சென்னை,
11 ஆகஸ்ட் 2006

அக்கா,

பிரிண்டுகள் பார்சலில் இருக்கின்றன. நான் வரவில்லை.

முதலில் லேப்பில் வேலை அதிகம் என்று எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன், உண்மையை எழுதுகிறேன். புதன்கிழமை லேப்புக்கு ஒரு போன் வந்தது. பெங்களூரிலிருந்து பேசுவதாகச் சொன்னான், சகாதேவனின் மகன். அத்தை படம் ரெடியா என்று கேட்டான். மெஷின் ரிப்பேர் என்றேன். "பரவால்ல சார். ஃபைல் வேற யார்கிட்டயும் காப்பி இல்லையே?" என்றான். ரொம்ப மரியாதையான குரல். பிறகு, "ஒங்க வீடு அந்த லேப்புக்குப் பின்னால தெருதானே? ஒய்ஃபுக்கு எத்தனாவது மாசம் சார்?" என்று கேட்டான்.

நான் உனக்கு இன்னும் சொல்லவே இல்லை, கீர்த்தனாவுக்கு ஐந்தாவது மாதம். இவளைத் தனியே விட்டுவிட்டு வரவும் பயம், அழைத்துக்கொண்டு வரவும் பயம். இரண்டாவது தடவையும் உன்னைத் தனியாக நிற்க வைக்கிறேன் என்று தெரிகிறது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

பெரிய படத்தை மட்டும் மனுவோடு கொடுத்துவிடு, கையில் வைத்துக்கொள்ளாதே.

பாலாஜி


வேங்கிக்கால்,
16 ஆகஸ்ட் 2006

பாலாஜி,

உன்னைத் திட்டப்போவதில்லை. குழந்தை விஷயத்தை நல்லபடியாகச் சொல்லியிருக்கக்கூடாதா என்று மட்டும் இருந்தது. கீர்த்தனாவை மாடிப்படி ஏறவிடாதே.

திங்கட்கிழமை பாஞ்சாலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். அந்த ஊதாப் புடவையைத் துவைத்துக் கட்டியிருந்தாள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மரத்தடியில் மனு எழுதுகிறவரிடம் கூட்டிப்போனேன். பெயர் கேட்டார், சொன்னாள். குறை என்ன என்று கேட்டார். என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "நான் சாவலன்னு எழுதணும் சார்" என்றாள். அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மனு பாதி எழுதியிருக்கும்போது சகாதேவன் வந்தார். கையில் டிபன் கேரியர். "காலையில ஒண்ணும் துன்னாம வந்துட்டியேக்கா" என்று மண்ணிலேயே உட்கார்ந்து அதைத் திறந்தார். சாப்பிடாதீர்கள் என்றேன் நான். எல்லாரும் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள். அவர் ஒரு இட்லியைப் பிட்டுத் தன் வாயில் போட்டு மென்றார். பிறகு அழ ஆரம்பித்தார். "நெலமும் வாணாம் ஒண்ணும் வாணாம்க்கா. புள்ள பேச்சக் கேட்டு புத்தி கெட்டுப் போயிட்டேன். வாக்கா ஊட்டுக்குப் போலாம்." தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார். கண்ணீர் நிஜமாகவே வந்தது. மனுவோடு வந்திருந்த சனம் அத்தனையும், "கூடப் பொறந்தவன் அழுவுறான், போம்மா" என்றது. மனு எழுதுகிறவர் பேனாவை மூடிவிட்டார்.

"என் வீட்டில் இருங்கள்" என்று நான் சொன்னேன். ஆனால் சட்டென்று சொல்லவில்லை பாலாஜி. ஸ்டுடியோவுக்குப் பின்னால் இருப்பது ஒரே அறை, இவர் தினமும் வந்து பெஞ்சில் உட்காருவார், எத்தனை மாதத்துக்கு என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். அந்த யோசனையை அவள் என் முகத்தில் பார்த்துவிட்டாள். "எத்தினி நாளைக்கி கண்ணு?" என்று கேட்டாள். அதில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கவரிலிருந்த படங்களை அப்போதுதான் வெளியே எடுத்தேன், ஜனங்களிடமே காட்டிவிடலாம் என்று. பெரிய படத்தைப் பார்த்ததும் அவர் அழுகை நின்றுவிட்டது. "இது நம்ம ஆர்டர்தானே மேடம்" என்று கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அவள் வாங்கிக்கொண்டாள். இரண்டு கையாலும் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தாள். "நல்லாத்தான் கீறேன். கண்ணுதான் யாரோடதோ மாதிரி கீது" என்றாள். என்னுடையது என்று சொன்னேன். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அதான் பயந்தாப்பல கீது" என்றாள்.

கொடுங்கள் என்று கேட்டேன், தரமாட்டேன் என்றுவிட்டாள். "எனக்குன்னு இந்த ஒரு படந்தான் கண்ணு. ஊட்ல மாட்டிக்கறேன்." அவர் சொன்னார், "மாட்டலாம்க்கா. நானே ஆணி அடிச்சித் தரேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தன் படத்தை மடங்காமல் மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள். கிளம்பும்போது என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

இன்று காலை கடை திறக்கிற நேரத்துக்கு அவர் வந்தார். உட்காரவில்லை. படம் நன்றாக இருக்கிறது, பார்த்தவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிற மாதிரியே இருக்கிறது என்று சொன்னார்கள், அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தாராம். யார் பார்த்தார்கள் என்று கேட்டேன். செங்கம் நிலத்தைக் கேட்டவர்கள் நேற்று வந்துவிட்டுப் போனதாகச் சொன்னார். அக்கா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"தூங்கறாங்க மேடம்" என்றார்.

இதைப் பார்சல் ஆபீசில் போட்டுவிட்டு, போலீஸ் ஸ்டேஷனில் ஏறிச் சொல்லிவிட்டு, கீழ்பென்னாத்தூர் பஸ் பிடிக்கிறேன். என் போனை அணைக்கமாட்டேன், நீ கூப்பிடு. காமிராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டேன். பிறகு உள்ளே போய் அதைக் கழற்றி வைத்துவிட்டு வந்தேன்.

அக்கா